கைராசி

சுந்தரவல்லிக்குக் கைராசி உண்டு என்பது நாட்டுத் தலைநகரில், கிட்வாய் நகரில் அவள் குடியிருந்த அடுக்குமாடி முழுக்கத் தெரிந்த சங்கதி. யார் வீட்டுக் குழந்தைக்காவது காது குத்துகிறார்கள் என்றால் மடியில் வைத்துக்கொள்ள அவளைத்தான் கூப்பிடுவார்கள். முதல் மொட்டை, முதல் பருப்பு சாதம், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கொண்டு விடுவது என்று எல்லாவற்றுக்கும் மாமி வந்து தொட வேண்டும். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரிகூடத் தன் பேரன் தடுப்பூசிக்கு அழாமல் இருக்க இவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். "எனக்கென்ன ராசி, எல்லாம் உங்க பிரமை" என்று சொல்லிக்கொண்டே சுந்தரவல்லி புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது?

அவள் கணவர் வெங்கடராமன் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஓய்வு பெறச் சொற்ப காலம்தான் பாக்கி. "ஊர்க் குழந்தைக்கெல்லாம் பலிக்கற உன் கைராசி என் ப்ரமோஷனுக்கு மட்டும் பலிக்கலையே" என்பார். அவள் முகம் சுளிக்க மாட்டாள். ஒரே பிள்ளை அபிஷேக் வேலைக்கென்று புனேவுக்குப் போனபின் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்தக் கேலிதான்.

கைராசிக்குச் சம்பளமும் வந்தது. ரொம்ப வருஷம் ஒரு பள்ளியில் நர்சரி டீச்சராக இருந்தவள், அங்கே நர்சரியை மூடியதும் சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் குழந்தைகளைச் சமாளிக்க ஒரு ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். கைக்குழந்தைகள் எதைப் பார்க்கின்றன, எவ்வளவு நேரம் பார்க்கின்றன, எப்போது பார்வையைத் திருப்பிக்கொள்கின்றன என்று ஆராய்கிற கூடம் அது. அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர்களெல்லாம் மகா புத்திசாலிகள். ஆனால் ஒருவருக்காவது குழந்தையைத் தூக்கத் தெரிய வேண்டுமே! அவர்கள் கையைத் தட்டினால் குழந்தை வீறிட்டது, பொம்மையைக் காட்டினால் வாந்தி எடுத்தது. சுந்தரவல்லி உள்ளே நுழைந்த முதல் வாரமே கூடம் அமைதியாகிவிட்டது.

முதல் வேலை மையைத் துடைப்பது. திருஷ்டி படக்கூடாது என்று கண்ணில் பட்டையாக மையைத் தீட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். பார்வை போகிற திசையைப் பிடிக்கிற காமிரா அந்த மையையும் கண்மணியையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு குழம்பிவிடும். தாய்மார்களோ துடைக்க விடமாட்டார்கள். சுந்தரவல்லி மட்டும், "கன்னத்துப் பொட்டு இருக்கட்டும், அது போறும் திருஷ்டிக்கு" என்று தமிழச்சியிடம் தமிழிலும் மற்றவர்களிடம் ஹிந்தியிலும் பேசிப் பேசி, அவர்கள் அறியாமலேயே தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுவாள்.

அடுத்தது கறுப்புக் கண்ணாடி. குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து எதிரே தெரிகிற இரண்டு படங்களைப் பார்க்கும். அப்போது அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியாதபடி கறுப்புப் பெயிண்ட் பூசிய கண்ணாடியை மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அம்மா எந்தப் படத்தைப் பார்க்கிறாளோ அந்தப் பக்கமே குழந்தையும் திரும்பிவிடும். மடி லேசாக இறுகினால்கூடப் போதும், அது கண்டுபிடித்துவிடும். இதை ஒவ்வொரு தாய்க்கும் விளக்குவது சுந்தரவல்லியின் பொறுப்பு. "பரீட்சை எழுதப் போறது நீ இல்லை, குழந்தை. பக்கத்துல உக்காந்துண்டு காப்பி குடுக்கப்படாது" என்று சிரிப்பாள். வருஷக்கணக்காக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்குத்தானே உபதேசம்.

சங்கவி அவள் வாழ்க்கையில் வந்தது இந்தக் கூடத்தின் வழியாக அல்ல, சமையலறை வழியாக. பாத்திரம் தேய்க்க வருகிற அஞ்சலை கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. ஜங்புராவுக்கு அப்பால் தமிழர்கள் கொத்தாக வசிக்கும் குடிசைப் பகுதியில் இருந்தாள். புருஷன் கட்டட வேலைக்குப் போனவன், சாரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்து வீட்டோடு கிடந்தான். ஒரு நாள் அஞ்சலை தன் ஆறு வயசுப் பெண் சங்கவியையும் கூட்டிக்கொண்டு வந்து சமையலறை மூலையில் உட்கார வைத்தாள். பெண் அசையாமல் இருந்தாள். குக்கர் விசிலடித்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பாமல் காதைத் திருப்பினாள். சுந்தரவல்லி கிட்டே போய் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் கருவிழிக்கு நடுவே வெள்ளையாகச் சவ்வரிசி போல் படிந்திருந்தது.

"ஏண்டி அஞ்சலை, இது எத்தனை நாளா?"

"பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான் மாமி. ஊர்ல காட்டுனதுக்குப் பொறவிக் குருடுன்னு சொல்லிட்டாங்க."

"புரைடி இது. ஆபரேஷன் பண்ணிண்டா போயிடும். யாரு சொன்னா குருடுன்னு?"

அன்று சுந்தரவல்லிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர் மேல், டாக்டர் மேல், அஞ்சலை மேல், கடைசியில் தன் சமையலறையில் இவ்வளவு நாளாகப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இப்படி ஒரு பெண் இருப்பதைக் கேட்காத தன் மேலும்கூட. மறுநாளே பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் போய் வரிசையில் நின்றாள். அஞ்சலை வேலையை விட்டுவிட்டு வர முடியாத நாட்களில் தானே அந்தப் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். ஒரு கண்ணுக்குப் பிறகு மற்றொன்று என்று ஆபரேஷன் நடந்தது.

கட்டை அவிழ்த்தவுடன் குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் என்றுதான் சுந்தரவல்லி எதிர்பார்த்தாள். சங்கவி சிரிக்கவில்லை. வெளிச்சம் குத்துகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதாள். கண்ணாடி போட்டுவிட்ட பிறகும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தாள்.

இதற்குக் காரணத்தைத் தெளிவாகச் சொன்னது இந்துஜா. கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். குருகிராமில் வளர்ந்தவள், தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "மாமி, கண்ணு வெறும் ஜன்னல்தான். உள்ள இருந்து பாக்கறது மூளை. நார்மலா குழந்தைங்க முதல் ரெண்டு வருஷத்துலயே அதைக் கத்துக்கும். இவளுக்கு அந்த டைம் போயிடுச்சு. நிறம் தெரியும், அசையறது தெரியும். ஆனா ஒரு உருவத்தை உருவமா பாக்க வருமான்னு சொல்ல முடியாது. பயிற்சி குடுத்துப் பாக்கலாம்."

இந்துஜாவின் ஆராய்ச்சியே அதுதான். வயது தாண்டிக் கண் திறந்த குழந்தைகளுக்குப் பார்வை எவ்வளவு பிடிபடும், எந்தப் பயிற்சி அதற்கு உதவும் என்பது. சங்கவியையும் அதில் சேர்த்துக்கொண்டாள். பயிற்சி கொடுப்பது யார் என்ற கேள்வியே எழவில்லை. கைராசிக்காரி பக்கத்தில் இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவார்களா?

வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் பயிற்சி. மேஜைமேல் மூன்று அட்டைகளை வரிசையாக வைக்க வேண்டும். சாவி, கரண்டி, குடை, செருப்பு, ஒரு மனித முகம், இப்படிப் படங்கள். "சாவி எது, காட்டு" என்றதும் சங்கவி விரலை அட்டைகளின் மேல் நகர்த்திக்கொண்டே வந்து ஒன்றில் வைப்பாள். சுந்தரவல்லி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "எங்கே எங்கே, சாவி எங்கே" என்று ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். முதல் சில மாதம் குருட்டாம்போக்கில்தான் விழுந்தது. குடையைக் கேட்டால் முகத்தைக் காட்டுவாள். சுந்தரவல்லி விடவில்லை. வீட்டில் சாமி விளக்கேற்றும்போதும் அந்தப் பெண் பெயரைச் சொல்லித்தான் ஏற்றினாள்.

ஹோலி கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை சங்கவி வரிசையாகச் சரியாகக் காட்டினாள். சாவி கேட்டால் சாவி, கரண்டி கேட்டால் கரண்டி. சுந்தரவல்லி அவளைத் தூக்கிச் சுற்றினாள். இந்துஜாவின் கண்கூட நனைந்துவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். கூடத்தின் தலைவரான பேராசிரியர் வந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டு, சுந்தரவல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று இரவு அவள் ரவா கேசரி கிளறினாள்.

"என்ன விசேஷம்?" என்றார் வெங்கடராமன்.

"என் பொண்ணுக்குக் கண்ணு வந்துடுத்து" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. பார்வையற்ற குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில், ஆபரேஷனுக்கு முன்னால் அஞ்சலை யாரோ சொல்லி விண்ணப்பித்திருந்தாள். இப்போது சங்கவிக்கு இடம் கிடைத்துவிட்டது. தங்குவது, சாப்பாடு, விரலால் தடவிப் படிக்கிற புள்ளியெழுத்து, கைத்தடி பிடித்து நடக்கப் பழக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று எல்லாருக்கும் தெரியும். அஞ்சலை அதை எடுத்துக்கொண்டு நேராக மாமியிடம் வந்தாள். என்ன செய்யலாம் என்று கேட்கக்கூட இல்லை, கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"இரண்டையும் வெச்சுக்கலாமே மாமி" என்று இந்துஜா சொல்லிப் பார்த்தாள். "அங்கயும் சேரட்டும். வெள்ளிக்கிழமை இங்க வரட்டும்."

சுந்தரவல்லிக்குச் சுருக்கென்றது. "கண்ணு தெரியற குழந்தையைக் கொண்டுபோய்க் குருட்டுப் பள்ளிக்கூடத்துல தள்ளுவாளா யாராவது? அங்க போனா எல்லாத்தையும் தடவிப் பாக்கத்தான் சொல்லிக்குடுப்பா. நாம இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாயிடும்" என்றாள். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "என்னை நம்பறியா இல்லையா?" என்று கேட்டாள்.

"உங்கள நம்பாம யார நம்பப் போறன் மாமி" என்றாள் அஞ்சலை. இடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் சங்கவி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரணப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் கொண்டு விட்டது சுந்தரவல்லிதான். கைராசிக்காரி அல்லவா.

நவம்பரில் சுந்தரவல்லிக்குக் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் பிடித்துக்கொண்டது. வெளியே புகைமூட்டம் வேறு. சில வாரம் கூடத்துக்குப் போகவில்லை, இந்துஜாவே பயிற்சியை நடத்தினாள். உடம்பு தேறி இவள் திரும்பிப் போன அன்று இந்துஜா காபி வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதமே சரியில்லை.

"மாமி, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"என்னடி பீடிகை?"

"நீங்க இல்லாதப்ப சங்கவி ஒண்ணுகூட சரியாக் காட்டல."

"புது ஆளுன்னா பயந்துப்பா. நீ சிடுசிடுன்னு கேட்டிருப்பே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் பழைய வீடியோவையெல்லாம் ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டுக் கேட்டேன். முதல்ல படத்தைப் பாக்கல, சத்தத்தை மட்டும் கேட்டேன். அப்புறம் ரெண்டையும் சேத்துப் பாத்தேன்." இந்துஜா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நீங்க பாடிட்டே இருக்கீங்க. அவ விரல் சரியான கார்டு மேல வரும்போது உங்க பாட்டு நின்னுடுது. வளையல் சத்தமும் நின்னுடுது. மூச்சைப் பிடிச்சுக்கறீங்க. ஒவ்வொரு தடவையும்."

சுந்தரவல்லி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் கோபம் வந்தது. "நான் என்ன, குழந்தைக்குக் காப்பி குடுக்கறேன்னு சொல்றியா? இத்தனை வருஷமா இந்த ரூம்ல எத்தனை அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"வேணும்னு செஞ்சீங்கன்னு சொல்லல மாமி. உங்களுக்கே தெரியாம."

"அப்படின்னா இன்னிக்கே பாத்துடலாம்" என்று எழுந்தாள் சுந்தரவல்லி. வளையல்களைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

சாயங்காலம் சங்கவி வந்தாள். எப்போதும்போல சுந்தரவல்லியின் குரலைக் கேட்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சுந்தரவல்லி அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இந்துஜா அவள் காதில் ஹெட்ஃபோனை வைத்து ஏதோ வீணைக் கச்சேரியைச் சத்தமாகப் போட்டுவிட்டாள். எந்த அட்டை எங்கே இருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது. வெளிச் சத்தமும் கேட்காது. அவளுக்கிருந்தது இருட்டும் வீணையும், முழங்காலில் சாய்ந்திருந்த அந்தக் குழந்தையின் முதுகும் மட்டும்.

எத்தனையோ தாய்மார்கள் அந்தக் கண்ணாடிக்குள் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். அது எவ்வளவு நீண்ட நேரம் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பெருமாளே, பெருமாளே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கவியின் முதுகு ஒரு தடவை விலகியது, மறுபடி சாய்ந்தது. பின்பு அந்த முதுகு மெல்ல விறைத்துக்கொண்டே போவதை அவள் முழங்கால் உணர்ந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே இந்துஜா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியதும் இல்லாமல் போயிற்று.

சங்கவி திரும்பித் தன் இரண்டு கையாலும் சுந்தரவல்லியின் முகத்தைத் தேடிப் பிடித்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

"மாமி, இன்னிக்கு ஏன் நீங்க பாடவே இல்ல?"

"ஏன்டா கண்ணா?"

"நீங்க மூச்சப் புடிச்சாத்தான அது சாவி. நீங்க ஒண்ணுமே பண்ணல. நான் எப்பிடிப் பாக்கறது?"

குழந்தை பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. பிறந்ததிலிருந்து அவள் உலகத்தைத் தெரிந்துகொண்ட வழி அதுதான். "பார், பார்" என்று எல்லாரும் சொன்னார்களே, பார்ப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது, பக்கத்தில் இருக்கிறவர் மூச்சை நிறுத்துகிற இடத்தில் விரலை வைப்பது, என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்தது சுந்தரவல்லி. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தன் மூச்சே தெரியாமல் போயிற்று.

குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு இந்துஜா மெதுவாகப் பேசினாள். சங்கவிக்கு நிறம் தெரிகிறது, அசைவு தெரிகிறது என்பது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு வேறு மாதிரிப் பயிற்சி கொடுத்திருக்கலாம். படத்தை அசைத்துக் காட்டியிருக்கலாம். முன்னேற்றம் இல்லை என்று அப்போதே தெரிந்திருந்தால் வழியை மாற்றியிருப்பார்கள். "இந்த வயசுல ஒரு வருஷம்கறது மாமி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "தப்பு என்னோடதும்தான். உங்களுக்கும் கண்ணாடி மாட்டியிருக்கணும். நீங்கதானேன்னு விட்டுட்டேன்."

அடுத்த வாரம் சுந்தரவல்லி பேருந்து பிடித்து சங்கவியின் பள்ளிக்குப் போனாள். வகுப்பு டீச்சர் நல்ல பெண். குறை ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு, வாய்ப்பாடு எல்லாம் ஒரு தடவை கேட்டாலே ஒப்பித்துவிடுகிறாள் என்றாள். நோட்டை எடுத்துக் காட்டினாள். பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, ஓரிடத்தில்கூட எழுத்து என்று ஒன்று இல்லை. "பெண்ணுக்குப் பார்வை வந்துவிட்டது, வரவர எழுதிவிடுவாள் என்று அம்மா சொன்னாரே" என்றாள் டீச்சர் ஹிந்தியில். அஞ்சலை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் இவள்.

அன்று ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். விடுதிப் பள்ளிக்குப் போய் அந்த இடத்தை மறுபடி கேட்கப் போவதாகச் சொன்னாள். காலில் விழுந்தாவது கேட்பேன் என்றாள்.

"கண் கெட்டப்பறம் சூரிய நமஸ்காரம்" என்றார் வெங்கடராமன். பழக்கதோஷத்தில் வந்த பழமொழி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. "வல்லி, நான் அந்த அர்த்தத்துல..." என்று இழுத்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

விடுதிப் பள்ளியில் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த இடம் அப்போதே வேறொரு குழந்தைக்குப் போய்விட்டது. அடுத்த வருஷத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒன்றாம் வகுப்புக்குச் சின்ன வயசுக் குழந்தைகளைத்தான் முதலில் எடுப்பார்கள், நம்பிக்கை தர முடியாது என்றார்கள். "அன்றைக்கு ஏன் வேண்டாம் என்று சொன்னீர்கள்?" என்று அங்கிருந்த அம்மாள் கேட்டாள்.

இனி அஞ்சலையிடம் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போட அவள் கண்டுபிடித்த சாக்குகளை எழுதினால் நமக்கே வெட்கமாக இருக்கும். தலைவலி என்று அறைக்குள் படுத்துக்கொண்டாள். அஞ்சலை வரும் நேரமாகப் பார்த்து மார்க்கெட்டுக்குப் போனாள். ஒரு நாள் சொல்லியே விடுவது என்று சமையலறைக்குள் போய், "அஞ்சலை, அந்த வாணலியை நன்னாத் தேய்" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரிடமும் நல்ல பேர் மட்டுமே வாங்கிப் பழகியவளுக்குக் கெட்ட செய்தி சொல்ல நாக்கு எழவில்லை. அவள் பயந்தது அஞ்சலையின் கோபத்துக்கு. அதைவிட, தன்னைப் பார்க்கும்போது அஞ்சலையின் முகத்தில் வருகிற அந்த நம்பிக்கை இனி வராமல் போய்விடுமே என்பதற்கு. அதைத் தன்னிடமே ஒத்துக்கொண்டபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் சொன்னாள். அஞ்சலை தொட்டியருகே நின்று குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரவல்லி வாசற்படியில் நின்றுகொண்டு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டு, வளையல், மூச்சு, கறுப்புக் கண்ணாடி, விடுதிப் பள்ளிக்குப் போய்வந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. "அவளுக்கு உருவம் தெரியலைடி. ஒரு நாளும் தெரிஞ்சதில்லை. நான்தான் தெரியறதுன்னு சொல்லிண்டு திரிஞ்சேன். கிடைச்ச இடத்தையும் நான்தான் கெடுத்தேன்" என்றாள். சொல்லி முடித்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அஞ்சலை தேய்ப்பதை நிறுத்தவில்லை. குக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"எனக்குத் தெரியும் மாமி" என்றாள்.

சுந்தரவல்லிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. "என்னது?"

"தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொட்டு மருந்து விட்டாயா, கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, பால் குடிக்கிறாளா, வெள்ளிக்கிழமை மறக்காமல் கூட்டிவா என்று சுந்தரவல்லி அஞ்சலையிடம் கேட்காதது இல்லை, சொல்லாதது இல்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டதில்லை. அதை இப்போது கேட்டாள்.

"வீட்டுல உன்னை அடையாளம் தெரியறதாடி அவளுக்கு?"

"கொரல் குடுத்தா தெரியும். பேசாம போயி நின்னன்னா, யாருன்னு கேப்பா. தட்டுல சோறு வெச்சா கையால தொழாவித்தான் எடுப்பா. அவங்கப்பாவும் நானும் சாவியக் காட்டி, கரண்டியக் காட்டிக் கேட்டுப் பாத்தம். ஒண்ணும் சொல்ல மாட்டா. மாமிகிட்ட போனாத்தான் எனக்குத் தெரியும்பா."

"இதை ஏண்டி என்கிட்ட அப்பவே சொல்லலை? அந்த இடம் வந்தப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அஞ்சலை குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக இவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுந்தரவல்லி பிழைத்துப் போயிருப்பாள்.

"எத்தினியோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு மாமி. நீங்க சாவி காட்டிட்டா, கொடை காட்டிட்டான்னு அவ்ளோ சந்தோசமா சொல்லுவீங்க. படிச்சவங்க, டாக்டருங்க, எல்லாரும் சுத்தி நின்னு கை தட்டுவாங்க. நான் போயி இல்லன்னு சொன்னா எடுபடுமா? நம்ம வூட்டுல வெளிச்சம் பத்தல, அதான் தெரியலபோலன்னு நெனச்சிக்கினன். அப்புறம்..." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவ பொறந்ததுலேர்ந்து எங்கயும் கண்ணு தெரிஞ்சதில்ல மாமி. உங்க ரூமுக்குள்ள அந்த ஒரு மணி நேரமாச்சும் தெரியுதேன்னுதான் கூட்டியாந்தன்."

சுந்தரவல்லி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே பால்கனிப் பக்கம் யாரோ ஹிந்தியில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை தேய்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் இடத்தில் அடுக்கினாள், மேடையைத் துடைத்தாள், வாளியை ஓரமாக வைத்தாள். வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் நின்றாள்.

"மாமி."

"என்னடி?"

"நாளைக்கு வெள்ளிக்கிழம. காத்தாலயே கேட்டா, மாமிகிட்ட எப்பப் போறம்னு." அஞ்சலை தயங்கினாள். "பாட்டுப் பாடியே அவளக் கேளுங்களேன். நமக்குத் தெரிஞ்சது நம்மளோடயே இருக்கட்டும். அவளுக்குச் சொல்லாதீங்க."